அணையில் பழகி, கடலில் தூண்டில் போட: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கான கயாக் மீன்பிடிப்பு

கயாக் எனும் ஒடுங்கிய துடுப்புப் படகில் உட்கார்ந்து கடலில் மீன் பிடிப்பவரிடம் ஏன் இந்தப் பாடு என்று கேட்டுப் பாருங்கள். மீனின் எடையைப் பற்றிப் பேச மாட்டார், இழுப்பைப் பற்றித்தான் பேசுவார். ஐந்து கிலோ வஞ்சிரம் ஃபைபர் படகில் மாட்டினால் ரீல் அலறும், படகு அசையாது. அதே மீன் கயாக்கில் மாட்டினால் ஆளையும் படகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்திருப்பதால் மத்திக் கூட்டம் பொரிந்து கிளம்புவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதில் விழும். என்ஜின் சத்தம் இல்லாததால் மீனும் பயந்து கீழே போவதில்லை. டீசல் வேண்டாம், படகுக்கு ஆள் வேண்டாம், காலை ஐந்தரைக்குத் தண்ணீரில் இறங்கி ஒன்பதரைக்குக் கரை ஏறிவிடலாம்.

கடலே இல்லாத நம் மாவட்டங்களில் இருந்துகொண்டு இதற்கு ஆசைப்படலாமா என்றால், தாராளமாகப் படலாம். கடலில் தேவைப்படும் வேலையில் முக்கால் பங்கை அணைத் தண்ணீரிலேயே கற்றுக்கொள்ளலாம். மீதிக் கால் பங்கு காற்றும் கரையலையும். அதைக் கடலில்தான் கற்க முடியும். முக்கால் பங்கைக் கற்காமல் நேராகக் கடலுக்குப் போகிறவர்தான் முதல் நாளே தூண்டில் கோலைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்.

பரிசல் பழக்கத்தை மறக்க வேண்டும்

ஒகேனக்கல் பக்கம் பரிசல் ஏறிப் பழகியவர்களுக்குத் தண்ணீர்ப் பயம் இருக்காது. அது பெரிய லாபம். ஆனால் கையில் ஏறிய பழக்கம் இடைஞ்சல் செய்யும். பரிசல் வட்டம். ஏழு அடி அகலத்தில் மூங்கில் பின்னலாக மிதக்கும். அதற்கு முன், பின் என்று கிடையாது, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கமாக இழுத்தால் போதும். கயாக் ஒடுங்கியது. இரண்டரை அடி அகலம்தான். பக்கவாட்டில் ஒரு அடி எட்டி எதையாவது எடுக்கப் போனாலே கவிழும். துடுப்பை உடலுக்கு நெருக்கமாக, பாத நேரில் தண்ணீருக்குள் செலுத்தி, இடுப்பு நேருக்கு வந்ததும் வெளியே எடுக்க வேண்டும். அதற்கும் பின்னால் இழுத்தால் படகு நேராகப் போகாமல் திரும்பும். கையால் அல்ல, இடுப்பைத் திருப்பித் துழாவ வேண்டும். கை மட்டும் வேலை செய்தால் அரை மணியில் தோள் கழன்றுவிடும்.

கடலுக்கு ஏற்ற கயாக்குக்கு உண்மையான உறவு பரிசல் அல்ல, கட்டுமரம். கட்டுமரத்தில் தண்ணீர் நிரம்ப இடமே இல்லை. மேலே ஏறிய அலை மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். உள்ளே உட்காராமல் மேலே உட்காரும் வகைக் கயாக்கும் இதே தத்துவம்தான். மூடிய கூட்டின் மேல் நாம் உட்காருகிறோம், விழும் தண்ணீர் ஸ்கப்பர் ஓட்டைகள் வழியே இறங்கிவிடும். கடல் மீன்பிடிப்புக்கு இந்த வகையை மட்டுமே வாங்குங்கள். குழிக்குள் காலை நுழைத்து உட்காரும் கயாக் ஒரு முறை கவிழ்ந்தால் தொட்டி போல நிரம்பிவிடும். அதை நடுக்கடலில் தனியாக இறைக்க முடியாது.

அளவு என்று பார்த்தால் நீளம் மூன்றரை முதல் நாலே கால் மீட்டர், அகலம் 75 முதல் 85 சென்டிமீட்டர். நீளம் குறைந்தால் அலையில் மூக்கு குத்தும், வேகமும் இராது. அகலம் கூடினால் நிலைத்து நிற்கும், ஆனால் எதிர்காற்றில் உயிரை வாங்கும். தாங்கும் எடை என்று நிறுவனம் எழுதியிருப்பதில் எழுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். 150 கிலோ என்று போட்டிருந்தால் ஆள், சாமான், ஐஸ், மீன் எல்லாம் சேர்ந்து 105 கிலோ. அதற்கு மேல் போனால் ஓட்டைகள் வழியே தண்ணீர் கீழிருந்து மேலே வரும். இந்த அகலத்துக்கு 230 முதல் 240 சென்டிமீட்டர் துடுப்பு சரியாக இருக்கும்.

எந்தத் தண்ணீரில் பழகுவது

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கே.ஆர்.பி. அணை, தருமபுரிப் பக்கம் என்றால் வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி அணைகள், மேட்டூர் நீர் தேங்கி நிற்கும் நாகமரை, ஒட்டனூர்ப் பகுதி. எங்கே இறங்குவதானாலும் நீர்வளத் துறை அலுவலகத்தில் முதலில் அனுமதி கேளுங்கள். மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கும் நீர்நிலைகளில் குத்தகைக்காரர் அல்லது மீனவர் சங்கத்திடமும் கேட்க வேண்டும். துழாவிப் பழக மட்டும்தான் வந்திருக்கிறேன், தூண்டில் போடவில்லை என்று சொன்னால் வேலை சுலபம். மதகுக்கும் ஷட்டருக்கும் அருகே போகவே கூடாது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையை விட்டுவிடுங்கள். நுரை பொங்கும் அந்தத் தண்ணீரில் கவிழ்ந்து பழகுவது உடம்புக்கு ஆகாது. ஒகேனக்கல் அருவிப் பகுதியும் வேண்டாம். பாறைச் சுழியில் பரிசல்காரருக்கு இருக்கும் கணக்கு வேறு, கயாக்கின் கணக்கு வேறு.

பழக வேண்டியதில் முதன்மையானது கவிழ்வதுதான். பலர் கவிழாமல் ஓட்டக் கற்றுக்கொண்டு, அதையே தேர்ச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் கவிழ வேண்டும். போட்ட பிறகு இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அது காதுவரை ஏறக் கூடாது. ஏறினால் பக்கப் பட்டைகள் தளர்வு.

கவிழ்ந்ததும் படகின் நடுப்பகுதிக்கு நீந்தி வாருங்கள். தலைகீழாகக் கிடக்கும் அடிப்பகுதியின் குறுக்கே கையை நீட்டி எதிர்ப்பக்க ஓரத்தைப் பிடியுங்கள். எட்டவில்லை என்றால் ஸ்கப்பர் ஓட்டையில் விரலைக் கோத்துக்கொள்ளலாம். முழங்காலை இந்தப் பக்க ஓரத்தில் ஊன்றி உடலைப் பின்னால் சாய்த்தால் படகு நிமிரும். அடுத்ததுதான் எல்லோரும் தவறும் இடம். உடனே ஏறப் பார்க்காதீர்கள். காலைப் படபடவென்று உதைத்து, உடல் நீர்மட்டத்தில் கிடையாக மிதக்கும் நிலைக்கு வர வேண்டும். கால் படகுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஏறினால் படகு மறுபடியும் உங்கள் மேலேயே கவிழும். கிடையாக வந்ததும் ஓரத்தைக் கீழே அழுத்தி, மாட்டின் முதுகில் குறுக்கே விழுவதுபோல வயிறு இருக்கைக்கு மேல் வரும்படி ஏறுங்கள். தொப்புள் படகின் நடுக்கோட்டுக்கு வந்த பிறகு புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். முனையிலிருந்து ஏற முயன்றால் ஏற முடியாது.

இடுப்பளவில் ஐந்து முறை, பிறகு கால் எட்டாத ஆழத்தில், ஒரு துணை பக்கத்தில் இருக்க, பத்து முறை. இரு பக்கமும் ஏறப் பழகுங்கள். களைப்பாக இருக்கும்போது ஏற முடிகிறதா என்பதுதான் கேள்வி. அதனால் ஒரு மணி நேரம் துழாவிய பிறகு மீண்டும் கவிழ்ந்து பாருங்கள். தனியாக ஏற முடியாதவர் கடலுக்குப் போக வேண்டாம். நீச்சலில் புலியாக இருந்தாலும் சரி.

இதோடு நிற்காமல், அணையில் காற்று எழும் பிற்பகலில் எதிர்காற்றில் ஒரு கிலோமீட்டர் துழாவி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். காற்றில்லாக் காலையில் அதே தூரத்துக்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் உங்கள் உண்மையான பலம் தெரியும். சாதாரண உடல்வாகு உள்ளவர் அமைதியான நீரில் மணிக்கு நான்கு முதல் ஐந்து கிலோமீட்டர் போவார். எதிரே மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று அடித்தால் அதில் பாதிகூடத் தேறாது. கடலில் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதை இந்த எண்தான் முடிவு செய்யும். ஆசை அல்ல.

எதைக் கட்டுவது, எதை விடுவது

கயாக்கில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எதனோடாவது கட்டப்பட்டிருக்க வேண்டும்: துடுப்பு, கோல்கள், குறடு, தண்ணீர் பாட்டில், ஐஸ் பை. துடுப்புக்கு ஒன்றரை மீட்டர் சுருள் கயிறு போதும். ஆளை மட்டும் எதனோடும் கட்டாதீர்கள். பின்னால் திரும்பி எடுக்க வேண்டிய பொருளே இருக்கக் கூடாது. தூண்டில்காரர்கள் அலையில் கவிழ்வதைவிடப் பின்புறப் பெட்டியில் லூர் (செயற்கை இரை) தேடித் திரும்பும்போதுதான் அதிகம் கவிழ்கிறார்கள். அந்த நேரம் பயன்படுத்துகிற லூர்ப் பெட்டி ஒன்று மட்டும் கால்களுக்கு நடுவே இருக்கட்டும்.

ஜாக்கெட் பையில் ஒரு விசில், தங்கூசியும் பிரெய்டு எனும் பின்னல் நரம்பும் ஒரே இழுப்பில் அறுபடும் கத்தி, நீர்புகாப் பையில் முழுச் சார்ஜ் போட்ட செல்போன். இவை படகில் இருந்து பயன் இல்லை, உடம்பில் இருக்க வேண்டும். கவிழ்ந்த படகு காற்றில் போய்விட்டால் உங்களிடம் மிஞ்சுவது உடம்பில் இருப்பது மட்டுமே. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு உப்புக்கரைசல் பொட்டலம், முழுக்கைச் சட்டை, கண்ணில் படும் நிறத்தில் ஒரு கொடி. நீல நிறக் கயாக் பார்க்க அழகு, ஆனால் வேகமாக வரும் ஃபைபர் படகுக்காரர் கண்ணுக்கு அது கடலோடு கடலாகத்தான் தெரியும். மஞ்சள், ஆரஞ்சு எடுங்கள்.

கோல் இரண்டு போதும். ஆறரை முதல் ஏழு அடி, 4000 அளவு ரீல், அதில் பி.ஈ. 2 தடிமன் பிரெய்டு 250 மீட்டர். முன்னால் லீடர் எனும் முன்நரம்பாக 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன் ஒன்றரை மீட்டர். வஞ்சிரமும் சீலாவும் இருக்கும் கடலில் லூருக்கு முன் இருபது சென்டிமீட்டர் கம்பி நரம்பு போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பல்லில் அறுத்துக்கொண்டு போகும். பாரை மீனுக்கு மட்டும் என்றால் கம்பி வேண்டாம், கம்பியைக் கண்டால் அது தயங்கும்.

கடலும் காற்றும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக் கடற்கரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். தருமபுரிக்காரர்கள் அரூர் வழியாகத் திருவண்ணாமலையில் வந்து சேரலாம். கே.ஆர்.பி. அணையிலிருந்து வழியும் தென்பெண்ணையும் சாத்தனூர் வழியாக ஓடி, கடலூர் அருகே அதே கடலில்தான் கலக்கிறது. வண்டியின் மேலே கயாக்கைக் கட்டிக்கொண்டு போனால் நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். இரவெல்லாம் வண்டி ஓட்டி விடிந்ததும் தண்ணீரில் இறங்குவது வேண்டாம். முந்தின நாள் மாலையே போய்த் தூங்கி எழுங்கள். கட்டும்போது கயாக்கைக் கவிழ்த்து வைத்து, இரண்டு பட்டைகளால் குறுக்கே கட்டி, மூக்கையும் வாலையும் தனித்தனியாகக் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். பட்டையில் ஒரு முறுக்கு விட்டால் காற்றில் ஊளையிடாது. வெயிலில் பாலிஎத்திலீன் இளகும், நெரித்துக் கட்டினால் அடிப்பகுதி குழிந்துவிடும்.

நமக்கு உகந்த காலம் ஜனவரிக் கடைசி முதல் ஏப்ரல் வரை. வடகிழக்குப் பருவம் ஓய்ந்து, கடல் காலையில் அமைதியாக இருக்கும். விடியலில் கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று, முற்பகல் கடந்ததும் கடலிலிருந்து கரைக்குக் காற்று. போகும்போதும் துணை, வரும்போதும் துணை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை யோசிக்கவே வேண்டாம்.

ஏமாற்றுவது ஆனி, ஆடி மாதக் கடல். நம் ஊரில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும். அதே மேற்குக் காற்று கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது. அதனால் கரையோரக் கடல் கண்ணாடி போலத் தட்டையாகக் கிடக்கும். அலையே இல்லையே என்று இறங்குகிறவரைக் காற்று தானாகவே ஒரு கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோய்விடும். திரும்பிப் பார்க்கும்போது எதிர்காற்று. உள்ளே போகப் போக அலையும் எழும். கரையில் நிற்கும்போது முதுகில் பலமாகக் காற்று பட்டால், அன்று இறங்கக் கூடாது.

முதல் பத்துப் பயணங்களுக்கு வரம்பு: காற்று மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கீழே, அலை முக்கால் மீட்டருக்குக் கீழே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். ஐதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் (INCOIS) எனும் கடல் தகவல் மையம் தரும் அலை முன்னறிவிப்பை முந்தின இரவும் விடியலிலும் பாருங்கள். அதில் அலை உயரத்தை மட்டும் பார்ப்பது போதாது, அலைக்கும் அலைக்கும் இடையே எத்தனை வினாடி என்பதையும் பாருங்கள். ஆறு வினாடி இடைவெளியில் வரும் முக்கால் மீட்டர் அலை சிணுங்கும், பதினான்கு வினாடி இடைவெளியில் வரும் அதே உயர அலை கரையில் எழுந்து நின்று அடிக்கும். தூரக்கடலில் பிறந்து வருவது அது. காற்றே இல்லாத நாளிலும் வரும்.

நீவாடு, அதாவது நீரோட்டம், பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் வடக்கு நோக்கி ஓடும், அக்டோபருக்குப் பிறகு தெற்கு நோக்கித் திரும்பும். இறங்கியதும் கரையில் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்னால் ஒரு தென்னை, அதற்குப் பின்னால் ஒரு செல்போன் கோபுரம். இரண்டும் ஒரே கோட்டில் இருந்து விலகினால் நீங்கள் நகர்ந்துகொண்டிருக்கிறீர்கள். முதலில் ஓட்டத்தை எதிர்த்துப் போங்கள், வரும்போது அது கொண்டுவந்து விடட்டும்.

இறங்கும் ஊரின் மீனவர்களிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். கரைவலை எங்கே இழுக்கிறார்கள், வலை எங்கே விட்டிருக்கிறார்கள், எந்தப் பக்கம் மணல்திட்டு என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் வராது. “அண்ணே, இன்னிக்கு இறங்கலாமா?” என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றால் வண்டியைத் திருப்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. அந்த நாட்களில் போவதாக இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. அடையாள அட்டையும் கையில் வேண்டும். கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093.

கரையலையைத் தாண்டுவது

கரையில் பத்து நிமிடம் நின்று அலையை எண்ணுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். அந்த ஓய்வுக்காகக் காத்திருங்கள். கோல்களை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அலையைத் தாண்டக் கூடாது, எல்லாம் படுக்கையாகக் கட்டியிருக்க வேண்டும். மூக்கு அலைக்கு நேர் எதிரே இருக்கட்டும். முழங்கால் ஆழத்தில் ஏறி உடனே துழாவத் தொடங்குங்கள். அலை முகத்தில் அடிக்கும்போது துழாவுவதை நிறுத்துகிறவர்தான் பக்கவாட்டில் திரும்பி உருள்கிறார். கடைசி அலையைத் தாண்டும்வரை நிறுத்தாதீர்கள்.

திரும்பி வருவது இதைவிடக் கடினம். அலையின் முதுகில் ஏறி வரப் பாருங்கள், முகத்தில் அல்ல. பின்னாலிருந்து அலை வந்தால் பின்னோக்கித் துழாவி அதை முன்னால் போகவிட்டு, அதன் வாலைப் பிடித்துத் துழாவுங்கள். தரை தட்டியதும் கடல் பக்கமாக இறங்குங்கள். கரைக்கும் கயாக்குக்கும் நடுவே நிற்கவே கூடாது. அலை தள்ளும் கயாக் முழங்காலை முறித்துவிடும்.

மீன் மாட்டிய பிறகு

உள்ளே போகும்போதே பன்னிரண்டு சென்டிமீட்டர் லூர் ஒன்றை முப்பது மீட்டர் பின்னால் விட்டு, துழாவும் வேகத்திலேயே இழுத்துக்கொண்டு போங்கள். வஞ்சிரமும் சீலாவும் சூரையும் இப்படித்தான் மாட்டும். கடற்பறவைகள் குத்திக் குத்தி இறங்கும் இடத்தில் கூட்டத்தின் நடுவே போய்விடாமல் ஓரமாகச் சுற்றுங்கள். நின்று பிடிப்பதானால், பத்து மீட்டர் ஆழத்துக்கு இருபது முப்பது கிராம், இருபது மீட்டருக்கு நாற்பது அறுபது கிராம் ஜிக் (மூழ்கும் உலோக இரை). காற்று தள்ளினால் நங்கூரம் வேண்டாம், அரை மீட்டர் விட்டமுள்ள துணிக் குடை ஒன்றைத் தண்ணீரில் விட்டால் வேகம் குறையும். எதைக் கட்டினாலும் மூக்கிலோ வாலிலோ கட்டுங்கள். பக்கத்தில் கட்டிய கயிறு இறுகினால் கயாக் கவிழ்ந்துதான் நிற்கும்.

ரீலின் டிராக்கை, அதாவது நரம்பு வெளியேறும் இழுப்பை அடக்கும் திருகை, இரண்டரை கிலோவுக்கு மேல் இறுக்க வேண்டாம். தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். கயாக்கே நகர்ந்து கொடுப்பதால் அது இரண்டாவது டிராக் போல வேலை செய்கிறது. மீன் இழுக்கும் பக்கம் மூக்கு திரும்பும்படி கோல் நுனியை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே இழுக்கவிட்டால் சாயும். படகுக்கு அடியில் பாய்ந்தால் கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மூக்கைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவாருங்கள். நரம்பு படகின் விளிம்பில் உரசினால் அறுந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மடியில் எடுக்கும் முன் மீன் எது என்று பாருங்கள். சீலா, வஞ்சிரம் என்றால் தலையில் ஒரு தட்டு தட்டி அடக்கிய பிறகுதான் காலிடையே வைக்க வேண்டும். மும்முள் லூரோடு துள்ளும் மீன் தொடையில் குத்தும். கெளிற்றின் முதுகுமுள், திருக்கை வால்முள் குத்தினால், கரை ஏறியதும் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்தால் வலி குறையும். பிறகு மருத்துவரைப் பாருங்கள். திருக்கையை ஏற்றவே வேண்டாம், நரம்பை அறுத்து விடுங்கள். உடலை ஊதிப் பெருக்கும் பேத்தை மீனைச் சாப்பிடக் கூடாது. கடல் ஆமை பக்கத்தில் வந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

மீனின் செவுளை உடனே அறுத்து ரத்தம் வடியவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த பையில் போடுங்கள். ஊருக்குத் திரும்ப ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் கணக்கு. செங்கம் தாண்டும்போது ஒரு முறை திறந்து, தேங்கிய நீரை வடித்து, ஐஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். சூரை, அயிலை வகைகள் சூடானால் சமைத்தும் போகாத நஞ்சு அதில் உருவாகும், முகம் சிவந்து அரிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கயாக், ரீல், கொக்கி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நம் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கத்தான் செய்யும், ஆனாலும் கடல்நீருக்கு அது இளநீர். ரீலைப் பீய்ச்சி அடிக்காமல் மெல்ல ஊற்றிக் கழுவி, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். கயாக்கின் வால்பக்கத்து வடிகால் திருகைத் திறந்து, உள்ளே புகுந்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அளந்து பாருங்கள். ஒரு டம்ளர் என்றால் பரவாயில்லை, அரை வாளி என்றால் மூடியிலோ அடிப்பகுதியிலோ கசிவு இருக்கிறது, அடுத்த முறைக்கு முன் அடைக்க வேண்டும். திறந்த திருகை அலமாரியில் வைக்காமல், அடுத்த முறை உட்காரும்போது கையில் தட்டும்படி இருக்கைப் பட்டையிலேயே கட்டி வையுங்கள்.